நிறத்தைத் திருத்தும் உரிமை

படக்கலையின் வரலாற்றை எழுதுவோர் நெறியாளரின் பெயரை எழுதுவர். நடிகரின் பெயரை எழுதுவர். ஒளிப்பதிவாளருக்கும் ஒரு பந்தி ஒதுக்குவர். பிடித்து முடித்த படத்தை இருட்டறையில் வைத்து, ஒரு காட்சியின் நிறத்தை மறு காட்சியின் நிறத்தோடு இசைவித்து, வெளிறியதைத் தெளிவித்து, மிகுந்ததைக் குறைத்து மக்கள் முன் வைக்கும் தொழிலாளியைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. உழைப்பின் விளைவு கண்ணுக்கு முன்னே நிற்க, உழைத்தவன் கண்ணுக்கு மறைந்துபோவது முதலாளித்துவ உற்பத்தியின் பொதுவிதி. படத்துறை அவ்விதிக்குப் புறம்பானதன்று.

நிறத்திருத்தம் எனத் தமிழிலே சொல்லத்தக்க இத்தொழில், ‘கலர் கரெக்ஷன்’ என்ற பெயரோடு இன்று கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இளைஞர்களின் கணினிகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கலியாண வீட்டு வீடியோவைத் தொகுப்பவர்களும், குறும்படம் எடுக்க முனையும் மாணவர்களும் இதனைக் கற்கின்றனர். படம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்கி, ஒரு பொருளின் நிறத்தை மட்டும் எஞ்சவிடும் தெரிநிற உத்தியையும் ஆர்வத்தோடு பயில்கின்றனர். இது வெறும் தொழில்நுட்பப் பழக்கந்தானே, இதிலே சமுதாய ஆராய்ச்சிக்கு என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடும். வேறெந்த நிலத்தைப் பற்றியேனும் அக்கேள்வி பொருந்தலாம். வன்னிக்குப் பொருந்தாது. படம் மெய்யா பொய்யா என்பது உயிர்ப்பிரச்சினையாகவும் நீதிப்பிரச்சினையாகவும் இருந்த நிலம் அது. ஆகவே இக்கலை எங்கிருந்து வந்தது, யார் கையில் இருந்தது, வன்னியை எவ்வாறு அடைந்தது, அங்கே அதனைக் கற்பவர்கள் எதனை மனத்தில் இருத்த வேண்டும் என்பவற்றை வரலாற்று நோக்கில் ஆராய்வது அவசியமென்று கருதுகிறோம்.

1

சலனப்படம் பிறந்தபோது அது கறுப்பு வெள்ளையாகவே பிறந்தது. ஆயின் நிற ஆசை அதனுடனேயே பிறந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் பாரிஸ் நகரில் எலிசபெத் துயிலியே என்ற பெண்மணி நடத்திய வர்ணச்சாலையிலே இருநூறு பெண்கள் வரையில் வேலை செய்தனர். மெலியே என்ற புகழ்பெற்ற படைப்பாளியின் படங்கள் அங்கேதான் வர்ணம் பெற்றன. பெருவிரல் அகலமே உள்ள படச்சுருளின் ஒவ்வொரு கட்டத்திலும் நுண்ணிய தூரிகையால் நிறம் தீட்டப்பட்டது. ஒரு பெண்ணுக்கு ஒரு நிறம்; சிவப்புத் தீட்டுபவள் நாள் முழுதும் சிவப்பையே தீட்டினாள். தொழிற்சாலை முறையின் வேலைப்பிரிவினை கலைக்குள்ளும் புகுந்து நின்றதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மெலியேயின் பெயரை உலகம் அறியும். அப்பெண்களுள் எவரது பெயரையும் உலகம் அறியாது.

தெரிநிற உத்தியும் அக்காலத்துக் கைவேலையிலிருந்து வந்ததே. 1925ஆம் ஆண்டில் ஐசென்ஸ்டீன் உருவாக்கிய ‘போர்க்கப்பல் பொட்டம்கின்’ கறுப்பு வெள்ளைப் படம். ஆனால் கிளர்ச்சி செய்த மாலுமிகள் கப்பலின் கொடிமரத்தில் ஏற்றும் கொடி மட்டும் கையால் சிவப்பாகத் தீட்டப்பட்டிருந்தது. சாம்பல் நிற உலகத்தின் நடுவே ஒரே ஒரு சிவப்பு! அது கண்ணுக்கு விருந்தாகச் செய்யப்பட்ட சோடனையன்று. ஒரு வரலாற்றுத் தீர்ப்பு. 1963ஆம் ஆண்டில் ஜப்பானிய நெறியாளர் குரோசாவா தமது கறுப்பு வெள்ளைப் படமொன்றில், குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கும் புகையை மட்டும் இளஞ்சிவப்பாக்கினார். 1993ஆம் ஆண்டில் ஸ்பீல்பேர்க்கின் ‘ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்’ படத்திலே, நாஜிகள் யூதரை வேட்டையாடும் தெருவில் ஒரு சிறுமியின் மேலங்கி மட்டும் சிவந்து தோன்றியது. காலமும் தேசமும் வேறாயினும் மூன்றிலும் ஓர் ஒற்றுமை உண்டு. நிறம் பெற்ற பொருளே கதையின் திருப்பமாக நிற்கிறது. அதனை நீக்கினால் கதையின் பொருள் குறைந்துவிடும். இந்த அளவுகோலைப் பின்னர் பயன்படுத்துவோம்.

வர்ணப்படச்சுருள் வந்தபின் நிறத்தைத் திருத்துவது இரசாயனக்கூடத்தின் வேலையாயிற்று. பிரதி எடுக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூவகை ஒளிகளைக் கூட்டியும் குறைத்தும் காட்சிகளைச் சமன்செய்தனர். இதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமன்றோ? அந்த அளவுகோலாக மேலைநாட்டுக் கூடங்கள் வைத்துக்கொண்டது வெள்ளைத்தோற் பெண்ணின் உருவத்தை. கொடக் நிறுவனம் 1950களிலிருந்து அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளில் வெள்ளை இனப் பெண்ணொருத்தியே காட்சியளித்தாள். முதல் மாதிரிப் பெண்ணின் பெயரால் அவ்வட்டைகள் ‘ஷெர்லி’ என வழங்கின. அவளது தோல் செம்மையாகத் தெரிந்தால் நிறம் செம்மை! கறுத்த தோலின் சாயல்கள் அச்சுருளில் ஒரே இருட்டாய்க் கலந்துபோயின. 1970களில் சாக்லேட் உற்பத்தியாளரும் மரத்தளபாட உற்பத்தியாளரும் தங்கள் பொருட்களின் பழுப்புச் சாயல்கள் படத்திலே வேறுபட்டுத் தெரியவில்லையென முறையிட்டனர் என்றும், அதன் பின்னரே அந்நிறுவனம் பழுப்பு நிறங்களில் அக்கறை கொண்டதென்றும் ஆராய்ச்சியாளர் எழுதியுள்ளனர். கோடானுகோடி கறுத்த மக்களின் முகம் சாதிக்காததைச் சாக்லேட்டும் மேசை கதிரையும் சாதித்தன! 1970களின் இறுதியில் மொசாம்பிக் நாட்டுக்குச் சென்ற பிரெஞ்சு நெறியாளர் கோதார் கொடக் படச்சுருளை நிறவெறி கொண்டதென்று மறுத்தது இப்பின்னணியிலேதான்.

2

எமது பிரதேசத்திலே நிறம் செல்வத்தின் அடையாளமாகவே வந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ முழுநீளத் தமிழ் வர்ணப்படங்களுள் முதலாவது. அதன் கேவாகலர் சுருள் பெல்ஜியத்திலிருந்து வந்தது. 1962ஆம் ஆண்டில் ‘ரன் முத்து தூவ’ சிங்களத்தின் முதல் வர்ணப்படமாக வெளிவந்தது. அதே ஆண்டில் வெளிவந்த இலங்கையின் முதல் தமிழ்ப்படமான ‘சமுதாயம்’, 16 மில்லிமீற்றர் என்ற சிறுசுருளில் எடுக்கப்பட வேண்டியிருந்தது. தொடர்ந்து வந்த ஈழத்துத் தமிழ்ப்படங்களுட் பெரும்பான்மை கறுப்பு வெள்ளை. தென்னிந்திய வர்ணப்படங்களோடு அதே தியேட்டரில் அவை போட்டியிட வேண்டியிருந்ததை நினைக்குமிடத்து, அவற்றின் தோல்விக்குக் கலைக்குறைபாட்டை மட்டும் காரணங்காட்டுவது நேர்மையாகாது. 1983 ஜூலை வன்செயலிலே கொழும்பை அடுத்த ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோவும் தீக்கிரையாயிற்று. தமிழர் ஒருவருக்குச் சொந்தமான அக்கூடத்தோடு சிங்களப் படங்களின் மூலப்பிரதிகளும் எரிந்தன. இனவெறி தன் சொந்த மொழியின் கலையையும் எரித்தே ஓய்ந்தது.

வன்னிக்கு நிறம் வந்தது தியேட்டரினும் தொலைக்காட்சி வழியாகவே எனலாம். ரூபவாஹினிக் கூட்டுத்தாபனம் ஜப்பானிய உதவியோடு 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஒளிபரப்பைத் தொடங்கியது. ஏ9 வீதியோரத்துக் கொக்காவிலில் எழுந்த அஞ்சற்கோபுரம் அதனை வடக்கே கொண்டுசேர்த்தது. கொழும்பு சொல்வதைக் காட்டும் நிறமே அன்று வன்னி கண்ட நிறம். வன்னியைக் கொழும்புக்குக் காட்டும் கோபுரம் ஒன்றும் எழவில்லை. 1990ஆம் ஆண்டுப் போரில் கொக்காவில் இராணுவ முகாம் வீழ்ந்தது, கோபுரமும் அழிந்தது. அதே ஆண்டிலிருந்து பொருளாதாரத் தடை வன்னியை இறுக்கிற்று. மின்சாரம் அற்றுப்போயிற்று. எரிபொருளும் மின்கலமும் தடைப்பட்ட பொருட்களாயின. படம் பார்ப்பதென்றால் மின்பிறப்பாக்கி வேண்டும். அதற்கு எண்ணெய் வேண்டும். படம் ஒளிநாடாவிலே வந்தது. பிரதியின் பிரதி, அதன் பிரதி என்று கைமாறிய ஒளிநாடாவில் முதலிற் கெடுவது நிறமே. சிவப்பு தன் எல்லையைத் தாண்டி வழியும், முகங்கள் மங்கும். ஒரு தலைமுறை வன்னிப் பிள்ளைகள் நிறத்தை இங்ஙனமே கண்டு வளர்ந்தனர்.

இந்நிலையிலும் வன்னி தன்னைத் தானே படம்பிடித்தது என்பதை வரலாறு பதிவுசெய்தல் வேண்டும். விடுதலைப் புலிகளின் ‘நிதர்சனம்’ நிறுவனம் ஒளிப்பதிவாளரையும் தொகுப்பாளரையும் பயிற்றுவித்தது. ‘ஒளிவீச்சு’ என்ற ஒளிநாடாச் சஞ்சிகையையும் குறும்படங்களையும் வெளியிட்டது. 2005ஆம் ஆண்டில் செய்மதித் தொலைக்காட்சியும் தொடங்கப்பட்டது. 2002ஆம் ஆண்டு யுத்தநிறுத்தத்தின் பின்னர் ஏ9 வீதி திறந்தபோது கணினிகளும் புதிய கருவிகளும் வந்தன. தடைக்குள் வாழ்ந்த மக்களின் துயரும் உழைப்பும் அப்படங்களில் இடம்பெற்றன. அது மறுக்கக்கூடாத பணி. ஆயினும் முற்போக்காளர் சொல்லவேண்டிய மறுபாதியும் உண்டு. ஓர் ஆயுத இயக்கத்தின் படக்கூடம் அவ்வியக்கத்துக்கு வேண்டிய நிறத்தையே தீட்டும். 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களின் கண்ணீருக்கு அத்திரையில் நிறம் இருக்கவில்லை. பிள்ளைகளைப் படைக்குப் பறிகொடுத்த தாய்மாரின் எதிர்ப்புக்கும் நிறம் இருக்கவில்லை. அதேபோல, 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு மருத்துவமனைமீது எறிகணைகள் வீழ்ந்தபோது, அரசின் திரையில் அம்மருத்துவமனைக்கு நிறம் இருக்கவில்லை. ஒன்றை ஒளிரச் செய்து மற்றவற்றைச் சாம்பலாக்குவது கணினிக்கு வருமுன்னரே அரசியலில் இருந்த உத்தி என்பது இதனால் விளங்கும்.

3

2008 செப்ரம்பரில் ஐக்கிய நாடுகள் சபையின் பணியாளரும் சர்வதேசத் தொண்டு நிறுவனத்தாரும் அரசின் கட்டளைப்படி வன்னியைவிட்டு வெளியேறினர். அதன்பின் நிகழ்ந்தவற்றுக்குச் சாட்சி சொல்ல, அகப்பட்டிருந்த மக்களும் மருத்துவர்களும் சிறுகருவிகளிற் பதிவான படங்களுமே எஞ்சின. 2009 ஓகஸ்ட் 25ஆம் திகதி பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி ஒரு காட்சியை ஒளிபரப்பியது. கண்கள் கட்டப்பட்ட, ஆடையற்ற மனிதர்களைப் படையுடையினர் சுட்டுக்கொல்லும் காட்சி அது. கைத்தொலைபேசியிற் பதிவானது. இலங்கை அரசு அதனைப் போலியென்று மறுத்தது. தன் சார்பில் நிபுணர்களையும் நிறுத்தியது.

இங்கேதான் படத்தொகுப்பு அறிவு கலைவிருப்பம் என்ற நிலையைத் தாண்டி நீதியின் கருவியாகிறது. சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்டன் மூன்று நிபுணரை நியமித்தார். ஒருவர் தடயவியல் மருத்துவர். ஒருவர் துப்பாக்கிகள் பற்றி அறிந்தவர். ஒருவர் ஒளிப்பதிவுகளை ஆராய்பவர். 2010 ஜனவரியில் வெளியான அவர்களது முடிவுகள், படம் மெய்யானதென்றே வலுவாகக் காட்டுகின்றன என்று அல்ஸ்டன் அறிவித்தார். இறுதியில் உள்ள 17 கட்டங்கள், கோப்பிற் பதிந்திருந்த 2009 ஜூலை 17 என்ற திகதி போன்ற சில அம்சங்களுக்கு விளக்கம் கிடைக்கவில்லை என்பதையும் அவர் மறைக்காமற் சொன்னார். விளங்காததை விளங்காததென்று ஒப்புக்கொண்டமையே அந்த ஆய்வுக்கு வலிமை தந்தது. 2010ஆம் ஆண்டின் இறுதியில் அதே காட்சியின் நீண்ட பதிவு வெளியாயிற்று. வன்னித் தொலைக்காட்சியில் அறிவிப்பாளராக மக்கள் அறிந்திருந்த இசைப்பிரியாவின் உயிரற்ற உடல் அதிலே அடையாளம் காணப்பட்டது. 2011ஆம் ஆண்டில் அடுத்த அறிக்கையாளர் கிறிஸ்தோவ் ஹைன்ஸ் அப்பதிவையும் ஆராய்வித்து அதுவும் மெய்யானதென்ற முடிவுக்கு வந்தார்.

இவ்வழக்கிலிருந்து நிறத்திருத்தம் கற்பவர் பெறவேண்டிய பாடம் தெளிவானது. அப்படத்தை எவரேனும் நல்லெண்ணத்தோடே தெளிவாக்கி, இரத்தத்தைச் சற்றுச் சிவப்பாக்கி, மூலத்தை அழித்துவிட்டு வெளியிட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? பொய்யென்று சொல்லக் காத்திருந்தோருக்கு அதுவே ஆதாரமாகியிருக்கும். திருத்துவது குற்றமன்று. மூலத்தைத் தொடாது காத்து, பிரதியிலே திருத்தி, செய்த திருத்தத்தைக் குறித்துவைப்பதே முறை. 1994 ஜூன் மாதத்தில் அமெரிக்க ‘டைம்’ சஞ்சிகை, கொலைக்குற்றம் சாட்டப்பட்ட கறுப்பின விளையாட்டுவீரர் ஓ. ஜே. சிம்சனின் பொலிஸ் படத்தைக் கருமையாக்கி அட்டையில் வெளியிட்டது. திருத்தப்படாத அதே படம் ‘நியூஸ்வீக்’ அட்டையிலும் வெளிவந்தமையால் உண்மை அம்பலமாயிற்று. மூலம் உலகின் முன் இருந்ததே அங்கும் காப்பாக அமைந்தது.

4

வரலாற்றின் ஒரு முரண்பாட்டையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். 1984ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டு வந்த ‘டாவின்சி’ நிறத்திருத்தக் கருவிகள் இலட்சக்கணக்கான டொலர் பெறுமதியானவை. பெரும் படக்கூடங்களே அவற்றை வாங்கமுடிந்தது. 2009ஆம் ஆண்டில், வன்னி நிலம் எரிந்து அடங்கிய அதே ஆண்டில், மெல்பேர்ணிலுள்ள பிளக்மெஜிக் நிறுவனம் அந்நிறுவனத்தை வாங்கியது. 2011ஆம் ஆண்டு முதல் ‘டாவின்சி ரிசால்வ்’ மென்பொருளின் ஒரு பதிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. கருவி விற்கும் முதலாளியின் வியாபாரக் கணக்கே இதற்குக் காரணம். மக்கள்மேற் கொண்ட அன்பன்று. ஆயினும் உற்பத்திச் சாதனம் ஒன்று ஏழை மாணவனின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது என்பதும் உண்மையே. அதே 2011இல் கொக்காவிலிலும் 174 மீற்றர் உயரத்தில் புதிய கோபுரம் எழுந்தது. இம்முறை கோபுரம் மட்டுமன்று, திருத்தும் கருவியும் வன்னிக்கு வந்தது.

கற்கும் முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். முதலிற் செய்யவேண்டியது வெண்மைச் சமநிலை. மெழுகுதிரி ஒளி ஏறக்குறைய 1900 கெல்வின், இழைவிளக்கு 3200, நண்பகல் 5600. வெண்தாள் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு நிறமாய்ப் பதியும். நம் கண் தானே அதனைத் திருத்திக்கொள்வதால் நாம் உணர்வதில்லை, கருவி உணரும். அடுத்து இருண்ட பகுதி, இடைப்பகுதி, ஒளிமிக்க பகுதி என்ற மூன்றையும் தனித்தனியே சமன்செய்ய வேண்டும். மாரியில் பச்சையாகவும் கோடையிற் காய்ந்த பழுப்பாகவும் மாறும் வயலில், உச்சிவெயிலில் நிற்கும் விவசாயியின் முகம் நிழலாகவும் வானம் வெறும் வெண்மையாகவும் பதிவது வழக்கம். இடைப்பகுதியை உயர்த்தி முகத்தை மீட்கலாம். வானத்தின் நிறம் பதிவாகாமற் போயிருந்தால் மீட்க முடியாது. இல்லாததைத் திருத்தத்தால் உண்டாக்க இயலாது என்ற அடிப்படை இங்கேதான் விளங்கும். பின்னரே ஒரு நிறத்தையோ ஓர் இடத்தையோ மட்டும் தெரிந்தெடுத்து மாற்றும் இரண்டாம்நிலைத் திருத்தம். தெரிநிறம் அதன் ஒரு வகை.

கண் களைக்கும், அறையின் விளக்கு ஏமாற்றும். ஆகவே அளவுமானிகளைப் பார்த்துத் திருத்தவேண்டும். நிறத்தின் திசையையும் செறிவையும் காட்டும் வெக்டர்ஸ்கோப் என்ற மானியிலே மனிதத் தோலுக்கு ஒரு கோடு உண்டு. வெள்ளையர், கறுப்பர், தமிழர், சிங்களர் என எவராயினும் ஒளி சமநிலையில் இருந்தால் தோலின் நிறம் அக்கோட்டை ஒட்டியே விழும். வேறுபடுவது வெளிச்சத்தின் அளவும் செறிவுமே. ‘ஷெர்லி’ அட்டை பிரித்த மனித இனத்தை இம்மானி ஒரே கோட்டில் நிறுத்துகிறது! இதை அறிந்த பின்னரும், மணமகளின் முகத்தை வெளுக்கச் செய்வதே நிறத்திருத்தம் என்று நம் ஊர்களில் கருதப்படுவது வேதனைக்குரியது. கேட்பவர் வாடிக்கையாளர், செய்பவர் கூலிக்கு உழைப்பவர். குற்றத்தைத் தொழிலாளிமேற் சுமத்த நாம் விரும்பவில்லை. கறுப்பை இழிவென்று கற்பித்த சாதிச் சமுதாயமும் அதனைப் பண்டமாக்கிய சந்தையுமே பொறுப்பாளிகள். ஆயினும் வயலிலும் கடலிலும் கறுத்த முகத்தை அதன் அழகு குன்றாமற் காட்டக் கற்றவனே தேர்ந்த தொழிலாளி என்று நம் ஆசிரியர்கள் சொல்லிக்கொடுக்கலாமன்றோ?

5

இனி, தெரிநிறம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோவிலின் அருகிலே, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர்போராட்டத்தைத் தொடங்கினர். அதே மாதத்தில் வவுனியாவிலும் தொடங்கினர். தாய்மாரின் கைகளிலே படங்கள். பல குடும்பங்களுக்கு இடப்பெயர்விலே எல்லாம் தொலைந்தபின் எஞ்சிய ஒரே படம் அது. வர்ணப்படத் தாளின் சாயங்கள் ஒரே வேகத்திற் கெடுவதில்லை. பெட்டிக்குள் நெடுங்காலம் கிடந்த பழைய படத்தில் நீலப்பச்சைச் சாயம் முதலில் அழிய, முகம் சிவந்துபோகும். அந்தச் சாயத்தைக் கணக்கிட்டு மீட்டு, மகனின் முகத்தை அவன் நிறத்திலேயே தாய்க்குத் திருப்பிக் கொடுக்க இன்று ஒரு மாணவனால் முடியும். நிறத்திருத்தம் என்ற கலைக்கு இதைவிடப் பெரிய சமுதாயப் பயன் வேறொன்று உண்டோ என்று கேட்கிறோம்.

அதே போராட்டத்தை வீடியோவாக்கும் இளைஞனுக்கு ஓர் ஆசை எழும். தாயையும் தெருவையும் கறுப்பு வெள்ளையாக்கி, கையிலுள்ள படத்துக்கு மட்டும் நிறம் கொடுத்தால் மனத்தை உருக்குமே! உருக்கும் என்பது மெய். ஆனால் நாம் முன்னர் கூறிய அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். பொட்டம்கினின் சிவப்பு, கிளர்ந்தெழுந்த மனிதரின் செயலுக்குக் கிடைத்த நிறம். இங்கோ வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்து கேள்வி கேட்கும் உயிருள்ள பெண் சாம்பலாகிறாள்; அவள் கேள்வி பழங்கதையின் நிறம் பெறுகிறது. இறந்தகாலத்துக்கு நிறம் கொடுத்து நிகழ்காலத்திலிருந்து நிறத்தைப் பறிப்பது, காணாமற் போனோரை மறந்துவிடுங்கள் என்று சொல்லும் ஆட்சியாளருக்கே அறியாமற் செய்யும் உதவியாகும். அவளது சேலையின் நிறமும், பின்னே செல்லும் பேருந்தின் நிறமும், வீதிப் புழுதியின் நிறமும் இருக்கவேண்டும். இது இன்று நடக்கிறது என்பதற்கு அந்நிறங்களே சாட்சி.

தெரிநிறத்தை விலக்கவேண்டும் என்பதன்று எம் கருத்து. கதைப்படத்தில் அது வலிமைமிக்க உத்தி. எதற்கு நிறம் தருகிறோம் என்று கேட்பதோடு எதனிடமிருந்து நிறத்தைப் பறிக்கிறோம் என்றும் கேட்டபின்னரே அதனைக் கையாளவேண்டும் என்கிறோம். சாட்சிப்படத்திலோ அதனைத் தவிர்ப்பதே நேர்மை.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற்பீடமும் தொழினுட்பபீடமும் இயங்குகின்றன; வவுனியாவில் 2021ஆம் ஆண்டு முதல் தனிப் பல்கலைக்கழகமே உண்டு. பாடசாலைகளில் ஊடகமும் கலையும் கற்பிக்கும் ஆசிரியர்களும் உள்ளனர். ஒரு மாலைநேர வகுப்பு, ஒரு கணினி, இலவச மென்பொருள், கிராமத்திலிருந்து திரட்டிய பழைய படங்கள் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். ஒவ்வொரு படத்தின் மூலத்தையும் தொடாமற் காத்து, யாருடையது, எப்போது எடுத்தது, எதனைத் திருத்தினோம் என்று மாணவர்கள் ஒரு கொப்பியில் எழுதிவைக்கட்டும். வன்னியை மற்றவர்கள் தத்தம் நிறத்திற் காட்டிய காலம் நெடியது. அதன் மக்களே தம் நிலத்தைத் திருத்தமாகக் காட்டுவதற்கு வேண்டிய அறிவு இப்போது கைக்கு வந்துள்ளது. அதனை ஒழுங்காகக் கற்பிப்பது ஆசிரியர்களின் பொறுப்பு.